ஜேக் பர்டன் யார் என்பதில்தான் சண்டை: ஒரு பேய்க் குங்ஃபூ நகைச்சுவைப் படமும் இரண்டு கட்சி ரசிகர்களும்

கேள்வி இதுதான். ஜான் கார்பென்டர் இயக்கி 1986இல் வெளிவந்த 'பிக் டிரபிள் இன் லிட்டில் சைனா' படத்தை ஒருவர் நண்பருடன் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. நண்பருக்கோ எரிச்சல் தாங்கவில்லை. விமர்சனங்களைத் தேடினால் அங்கும் அதே கதை: தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் மறுபக்கம். பேய், மந்திரம், குங்ஃபூ, சிரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் படங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது, இதில் யார் பக்கம் நியாயம், விமர்சனங்களில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்தைப் பிடிக்காதவர்களில் பெரும்பாலோர் லாரி ஓட்டுநர் ஜேக் பர்டனைக் கதாநாயகன் என்று எண்ணிப் பார்த்தவர்கள். பிடித்தவர்கள் அவனைத் துணைப் பாத்திரமாகப் பார்த்தவர்கள். படம் இரண்டாவது விதமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முதல் விதமாகப் பார்த்தவர்கள் மேல் பழி போட முடியாது. அவர்களை அப்படிப் பார்க்கச் சொன்னதே படத்தின் முதல் காட்சிதான்.

கதையைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜேக் தன் லாரியோடு சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனுக்கு வருகிறான். அவன் நண்பன் வாங் சி அங்கே உணவகம் நடத்துபவன். வாங்குக்கு நிச்சயிக்கப்பட்ட மியாவ் யின் என்ற பச்சைக் கண் பெண் சீனாவிலிருந்து வந்து இறங்குகிறாள். விமான நிலையத்திலேயே கடத்தப்படுகிறாள். கடத்தலுக்குப் பின்னால் இருப்பவன் லோ பான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சாபத்தில் கிடக்கும் மந்திரவாதி. பச்சைக் கண் பெண்ணை மணந்து பலி கொடுத்தால்தான் அவனுக்கு மீண்டும் ரத்தமும் சதையுமான உடல் கிடைக்கும். மீட்கப் போகிறவர்கள் வாங், ஜேக், கிரேசி லா என்ற வழக்கறிஞர், எக் ஷென் என்ற முதிய மந்திரக்காரர்.

இனி ஜேக் என்னென்ன செய்கிறான் என்று வரிசையாகப் பாருங்கள். லோ பானின் கோட்டையில் இறுதிப் போர் தொடங்குகிறது. ஜேக் வீரமாகக் கத்தி, துப்பாக்கியை மேலே நீட்டிச் சுடுகிறான். கூரை பெயர்ந்து அவன் தலையிலேயே விழுகிறது, மயங்கிச் சாய்கிறான். வாங் பத்துப் பேரை எதிர்த்து நிற்கும் நேரத்தில் நம் கதாநாயகன் தரையில் கிடக்கிறான். எழுந்து வந்து ஒருவனைக் குத்துகிறான். குத்துப்பட்டவன் கவச உடையோடு இவன் மேலேயே சரிய, அடியில் சிக்கி நெளிகிறான். கிரேசியை முத்தமிட்டதில் உதட்டுச் சாயம் வாயெல்லாம் அப்பிக்கொள்கிறது. அந்தச் சிவந்த வாயோடுதான் வில்லன் முன்னால் போய் நிற்கிறான். கத்தியை வீசுகிறான், குறி தவறுகிறது. லோ பான் அதே கத்தியை எடுத்துத் திருப்பி வீச, ஜேக் அதைக் காற்றிலேயே பிடித்து எறிந்து அவன் கதையை முடிக்கிறான்.

அந்தக் கடைசிப் பிடியைப் பலர் குருட்டு அதிர்ஷ்டம் என்று எழுதுகிறார்கள். இல்லை, அது முன்பே விதைக்கப்பட்டது. படத்தின் தொடக்கத்தில் பந்தயம் ஒன்று வருகிறது: வாங் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டுவதாகச் சொல்கிறான். வெட்டு பிசகி, புட்டி அம்பு போல ஜேக்கின் முகத்தை நோக்கிப் பறக்கிறது. ஜேக் கண் இமைக்காமல் பிடித்துவிடுகிறான். எல்லாம் உடம்பின் அனிச்சை வேகம் என்று அவன் அங்கே சொல்லும் அதே வசனத்தைத்தான் லோ பானைக் கொன்ற பிறகும் சொல்கிறான். இந்த மனிதனிடம் உண்மையாகவே இருக்கும் ஒரே திறமை அது. வாயால் அளக்கும் மற்ற எதுவும் அவனிடம் கிடையாது. திரைக்கதை ஆசிரியர் இதை எவ்வளவு கவனமாகக் கோத்திருக்கிறார் என்று கவனித்தவர்களுக்குப் படம் ஒரு விருந்து. கவனிக்காதவர்களுக்கு, திறமையில்லாத ஒருவன் தற்செயலாக வென்ற கதை.

இப்போது முதல் காட்சிக்கு வருகிறேன். எக் ஷென் ஒரு வழக்கறிஞரின் அறையில் உட்கார்ந்து, ஜேக் பர்டன் மாபெரும் துணிச்சல்காரன், அவனுக்கு எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம் என்று பேசுகிறார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே மின்னலை ஓடவிட்டு, மந்திரம் உண்மை என்று நிரூபிக்கிறார். இந்தக் காட்சி கார்பென்டரின் மூலத் திட்டத்தில் இல்லை. கதாநாயகன் இவ்வளவு கையாலாகாதவனாக இருக்கிறானே என்று கவலைப்பட்ட ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் வற்புறுத்தலால் பின்னால் சேர்க்கப்பட்டது. வீரன் வருகிறான் என்று மூன்று நிமிடம் கட்டியம் கூறிவிட்டு, அதன் பிறகு வருகிற ஒன்றரை மணி நேரமும் அவன் வீரனே இல்லை என்று காட்டினால் பார்வையாளர் என்ன செய்வார்? கட்டியத்தை நம்பியவர் ஏமாந்தார். கட்டியத்தைக் கிண்டலாக எடுத்துக்கொண்டவர் மகிழ்ந்தார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்த இடம் எனக்குத் தெரிந்து இதுதான். இரண்டு தரப்புக்கும் ரசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடிகரைப் பற்றிய எதிர்பார்ப்பும் இதில் சேர்ந்துகொண்டது. கர்ட் ரஸ்ஸல் கார்பென்டருடன் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' (1981), 'தி திங்' (1982) ஆகிய படங்களில் நடித்திருந்தார். இரண்டிலும் அதிகம் பேசாத, காரியத்தில் கண்ணாக இருக்கிற ஆண்மகன். அந்த ரஸ்ஸலைத் தேடி வந்தவர்களுக்குப் பழைய கௌபாய்ப் பட நாயகன் ஜான் வெயினின் இழுத்துப் பேசும் குரலில் உளறிக்கொட்டும் ஒருவன் கிடைத்தான். போதாததற்கு நேரமும் சரியில்லை. படம் 1986 ஜூலை 2இல் வந்தது; அதே நிறுவனத்தின் 'ஏலியன்ஸ்' ஜூலை 18இல் வந்தது. எதையும் கேலி செய்யாமல், பயத்தையும் சண்டையையும் இறுக்கமாகத் தந்த படம் அது. அதன் முன்னால் இது நிற்கவில்லை. அமெரிக்க வசூல் ஏறக்குறைய 1.1 கோடி டாலர்தான். செலவோ அதைவிட மிக அதிகம். மனம் வெறுத்த கார்பென்டர் பெரிய நிறுவனங்களின் பக்கமிருந்து விலகிச் சிறிய செலவுப் படங்களுக்குத் திரும்பினார்.

இது ஒரு படத்தின் தனிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயம் வர வேண்டுமானால் பேயை நம்ப வேண்டும். சண்டை ருசிக்க வேண்டுமானால் உடம்பை நம்ப வேண்டும். அடி விழுந்தது, வலித்தது, தாவியவனுக்கு எடை இருந்தது என்று தோன்ற வேண்டும். சிரிப்பு வர வேண்டுமானால் கொஞ்சம் விலகி நின்று பார்க்க வேண்டும். ஒரே காட்சியில் இந்த மூன்றையும் கேட்பது லேசான காரியமில்லை. ஒருவர் சிரிக்கத் தயாராகும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் பயப்படத் தயாராகிறார். படம் அதில் ஏதோ ஒன்றைத்தான் அந்தக் கணத்தில் தர முடியும்.

இந்தச் சிக்கலை மிக அழகாகத் தீர்த்தவர்கள் ஹாங்காங் திரைக்காரர்கள். லாவ் கார்-லியூங் 1975இல் எடுத்த 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' மந்திரசக்தி இருப்பதாக ஏமாற்றிப் பிழைக்கும் ஆளைப் பற்றிய குங்ஃபூ நகைச்சுவை. ஜாக்கி சானை உச்சிக்குக் கொண்டுபோன யுவென் வூ-பிங்கின் இரண்டு படங்கள் 1978இல் வந்து, சண்டையும் சிரிப்பும் ஒன்றாக ஓடும் என்று நிரூபித்தன. அதன் பிறகு சாம்மோ ஹங் 1980இல் 'என்கவுன்டர்ஸ் ஆஃப் தி ஸ்பூக்கி கைண்ட்' எடுத்து, அதில் பேயையும் கொண்டுவந்து சேர்த்தார். அவர் தயாரிப்பில் ரிக்கி லாவ் இயக்கிய 'மிஸ்டர் வேம்பயர்' 1985இல் வந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகள் ஹாங்காங்கில் குதித்துக் குதித்து வரும் பிணங்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

அந்தப் பிணங்களின் பெயர் ஜியாங்ஷி. சிங் அரச காலத்து அதிகாரியின் உடை, விறைத்துப்போன மூட்டுகள், முன்னால் நீட்டிய கைகள். நடக்க முடியாததால் குதித்துத்தான் வரும். கண்ணால் பார்க்காது, மூச்சை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் அப்படியே நிற்கும். வெளியூரில் இறந்தவர்களை மந்திரவாதி வரிசையாக நடத்திச் சொந்த ஊருக்குக் கொண்டுவருவார் என்ற பழைய நாட்டார் நம்பிக்கையிலிருந்து இவை கிளைத்தவை.

இங்கே சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். 'என்கவுன்டர்ஸ்' படத்தில் சாம்மோ ஹங் ஒரு கோவிலில் பிணத்தோடு இரவைக் கழிக்க வேண்டும். பிணம் எழ முயலும்போதெல்லாம் கோழி முட்டையை எறிந்தால் அது திரும்பப் படுத்துவிடும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். முட்டை விற்றவன் இடையில் வாத்து முட்டைகளைக் கலந்துவிடுகிறான். கோழி முட்டை இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. வாத்து முட்டைக்குப் பிணம் மசியவில்லை. 'மிஸ்டர் வேம்பயர்' படத்தில் பிணத்தின் நஞ்சு ஏறியவனுக்குப் பசையரிசிதான் மருந்து. கடைக்காரன் சாதா அரிசியைக் கலந்து விற்றுவிட, வைத்தியம் பாதியில் நிற்கிறது. இரண்டிலும் பேயின் சட்டத்தை யாரும் கேலி செய்யவில்லை. சட்டம் கல்லில் செதுக்கியது போல உறுதியாக நிற்கிறது. அதைச் சரியாகப் பின்பற்ற முடியாத மனிதனின் தவிப்புதான் சிரிப்பு. அதனால்தான் அந்தச் சிரிப்பு பயத்தைக் கெடுப்பதில்லை. வாத்து முட்டை உடையும் கணத்தில் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாகவே வருகின்றன.

'மிஸ்டர் வேம்பயர்' படத்தில் குருவாக வரும் லாம் சிங்-யிங்கைப் பாருங்கள். சுற்றியிருக்கும் இரண்டு சீடர்களும் கோமாளித்தனம் செய்கிறார்கள். அவர் முகத்தில் ஒரு தசைகூட ஆடுவதில்லை. மரக்கத்தியைப் பிடிக்கும் விதத்திலும் தாளில் மந்திரம் எழுதும் விதத்திலும், வாழ்நாளெல்லாம் இந்த வேலையையே செய்தவரின் நிதானம் தெரிகிறது. இந்த வகைப் படத்துக்கு இப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். படத்தில் ஒருவராவது பேயை முழுமனதோடு நம்பினால்தான் மற்றவர்கள் விளையாட இடம் கிடைக்கும். எல்லோருமே பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிக்கத் தொடங்கினால் படம் செத்துவிடும். மோசமான மிகைப் பாணிப் படங்களில் இதுதான் நடக்கிறது: சண்டை சரியாக அமையவில்லை, பேய் பயமுறுத்தவில்லை, எல்லாவற்றையும் வேடிக்கைக்குத்தான் செய்தோம் என்று ஒரு சிரிப்பில் மூடிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட படத்தைத் திட்டுகிறவர்கள் பக்கம் நானும் நிற்பேன்.

கார்பென்டரின் படம் அந்த ரகமில்லை. அதில் லாம் சிங்-யிங்கின் இடத்தில் விக்டர் வாங்கின் எக் ஷென் இருக்கிறார். லோ பானாக வரும் ஜேம்ஸ் ஹாங் சக்கர நாற்காலியில் முணுமுணுக்கும் கிழவனாகவும், கண்ணிலும் வாயிலும் ஒளி கக்கும் மந்திரவாதியாகவும் இரண்டு உருவங்களில் வருகிறார். இரண்டையுமே உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார். கிழவனாக வரும்போது இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு பெண் கிடைக்கவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் இடத்தில் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த அலுப்பு அவனுக்கு உண்மையானது. வாங் சியாக வரும் டென்னிஸ் டன் ஒரு நொடிகூட விளையாட்டாக நடிக்கவில்லை. காதலியைத் தொலைத்தவனின் அவசரம் அவன் ஓட்டத்தில் தெரிகிறது. விளையாட்டெல்லாம் ஜேக் ஒருவனிடம்தான்.

இதற்குச் சான்றாக நான் எப்போதும் காட்டுவது சந்துச் சண்டையை. சவ ஊர்வலம் ஒன்று குறுகலான சந்தில் வருகிறது. மஞ்சள் தலைப்பாகைக் கூட்டம் ஒரு பக்கம், சிவப்புத் தலைப்பாகைக் கூட்டம் மறுபக்கம். நடுவில் ஜேக்கின் லாரி மாட்டிக்கொள்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஜேக் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் வாங். வெளியே துப்பாக்கி, வெட்டுக்கத்தி, கை, கால் என்று போர் முற்றுகிறது. யார் யாரோடு ஏன் மோதுகிறார்கள் என்று வாங்குக்குத் தெரியும்; ஜேக்குக்கு ஒன்றும் புரியவில்லை. திடீரென்று இடி, மழை, மின்னல் என்று மூன்று மந்திர வீரர்கள் வானத்திலிருந்து இறங்குகிறார்கள். ஜேக் பதறி லாரியைக் கிளப்பி ஓட்ட, எதிரே நின்ற லோ பானின் மேல் ஏற்றிவிடுகிறான். இறங்கிப் பார்த்தால் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கண்களிலிருந்து பாயும் ஒளியில் ஜேக்குக்குப் பார்வை கூசிப்போகிறது.

இந்தக் காட்சியில் சண்டை போடுகிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கவும் வைக்கவில்லை. ஆயுதங்களும் உடைகளும் சடங்கும் முழு மரியாதையோடு காட்டப்படுகின்றன. சிரிப்புக்கு உரியவன் வண்டிக்குள் இருப்பவன். தான்தான் எல்லாக் கதைகளின் நடுவிலும் இருப்பதாக நம்பும் அமெரிக்கன் ஒருவன், தனக்குச் சம்பந்தமே இல்லாத மிகப் பழைய பகை ஒன்றின் நடுவில் லாரியோடு நிற்கிறான். ஹாங்காங் படங்கள் பேயின் சட்டத்தைக் காப்பாற்றி மனிதனைச் சிரிப்புக்கு உரியவனாக்கின. கார்பென்டர் அதே உத்தியை எடுத்து, அந்த மனிதனின் இடத்தில் ஹாலிவுட் கதாநாயகனை உட்கார வைத்தார். எனக்கு இந்தப் படம் பிடிக்கக் காரணம் இதுதான். 1986இல் ஒரு பெரிய நிறுவனத்தின் பணத்தில் இதைச் செய்வதற்குத் துணிவு வேண்டும்.

இனி எதிர்த் தரப்புக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் மூன்று விஷயங்களை நான் தள்ளிவிட மாட்டேன்.

சண்டை. குங்ஃபூவுக்காக வந்தவர்கள் ஏமாந்தது நியாயமே. வாங்கும் மழை வீரனும் வாளோடு காற்றில் எகிறி ஒருவரையொருவர் தாண்டிப் போகும் காட்சியை, ஹாங்காங் இயக்குநர் சுய் ஹார்க் 1983இல் எடுத்த 'ஜு' படத்தின் பறக்கும் போர்களோடு வைத்துப் பாருங்கள். அந்தப் படத்தின் சாயல் இதில் வெளிப்படையாகவே தெரிகிறது. வேகம் மட்டும் வரவில்லை. ஹாங்காங் சண்டைப் பயிற்சியாளர்கள் ஒரு கேமராவை அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்து நகர்த்துவார்கள். படச்சுருளைச் சற்று மெதுவாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் அடியின் வேகத்தைக் கூட்டுவார்கள். ஒரு நீண்ட துண்டில் நாலைந்து அடிகள் தொடர்ந்து விழுவது கண்ணுக்குத் தெரியும். இங்கே அவ்வளவு இல்லை. சந்துச் சண்டை மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது, கதையின் நடுப்பகுதி. கோட்டைக்குள் போகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், தப்புகிறார்கள், திரும்பவும் போகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரேசியின் முதல் காட்சிகளில் அவள் வாயில் தகவல்களைத் திணித்திருக்கிறார்கள். இதன் மூலக்கதை 19ஆம் நூற்றாண்டில் நடக்கும் கௌபாய்க் கதையாக எழுதப்பட்டு, பிறகு டபிள்யூ. டி. ரிக்டரால் நிகழ்காலத்துக்கு மாற்றப்பட்டது; அந்தத் தையல் சில இடங்களில் தெரியவே செய்கிறது. அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் தம் விமர்சனத்தில் இரண்டு நட்சத்திரம் மட்டும் கொடுத்து, பாத்திரங்களின் மேல் அக்கறை வராதபோது காட்சி ஜாலங்களால் என்ன பயன் என்ற பொருளில் எழுதினார். வாங்கைப் பொறுத்தவரை அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மற்றவர்களைப் பொறுத்தவரை மறுக்க என்னிடம் வாதம் இல்லை.

மூன்றாவதுதான் கனமானது. சைனாடவுன் என்றால் நிலத்தடியில் சுரங்கம், சுரங்கத்தில் மந்திரவாதி, அவன் கையில் கடத்தப்பட்ட பெண். சாக்ஸ் ரோமர் 1913இல் ஃபூ மாஞ்சு என்ற சீன வில்லனை நாவலாக்கிய நாளிலிருந்து மேற்கத்திய கற்பனையில் ஊறிப்போன சித்திரம் இது. 1985இல் 'இயர் ஆஃப் தி டிராகன்' என்ற ஹாலிவுட் படம் வெளிவந்தபோது சீன அமெரிக்கர்கள் தங்களைக் காட்டிய விதத்துக்காகத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்கு மறுவருடம் கார்பென்டரின் படம் வந்தது. டென்னிஸ் டன், விக்டர் வாங் இருவருமே அந்தப் படத்திலும் நடித்தவர்கள். ஆகவே கோபம் வெறும் காற்றில் பிறந்ததில்லை.

படத்தை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதிலும் உண்மையானதே. முக்கியப் பாத்திரங்களில் பெரும்பாலானவை ஆசிய அமெரிக்க நடிகர்களுக்குக் கிடைத்தன. வாங் உடைந்த ஆங்கிலம் பேசவில்லை; படித்தவன், தொழில் நடத்துபவன், சண்டையில் வல்லவன், காதலில் வெல்பவன். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஆசிய ஆணுக்குக் காதல் வெற்றி என்பது அரிதிலும் அரிது. ஜேம்ஸ் ஹாங் போன்ற மூத்த நடிகர் ஒரு படத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் வாய்ப்பைப் பெற்றதும் அப்படித்தான். அவர் 2022இல் தம் 93ஆம் வயதில் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பெற்றபோது, இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றியது.

இரண்டையும் எடைபோட்டு நான் வந்து நிற்கும் இடம் இது: கதாநாயகன் என்ற பிம்பத்தைத் தலைகீழாகப் புரட்டிய படம், சைனாடவுன் என்ற பிம்பத்தைத் தொடாமல் விட்டுவிட்டது. மியாவ் யின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அவளைச் சுற்றித்தான் நகர்கிறது. அவளுக்கோ ஏறக்குறையப் பேச்சே இல்லை. கண்ணின் நிறத்தைத் தவிர அவளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. வாங்கை அவ்வளவு நன்றாக எழுதியவர்கள், அவன் உயிரைப் பணயம் வைக்கும் பெண்ணை இப்படி வெறுமையாக விட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஹாங்காங் படங்களும் இதில் உத்தமமில்லை. 'என்கவுன்டர்ஸ்' கடைசிக் காட்சியில், துரோகம் செய்த மனைவியைக் கதாநாயகன் மாறி மாறி அடிப்பதைப் படம் ஒரு வேடிக்கையாகக் காட்டி உறைந்து நிற்கிறது. அதுவரை ரசித்துப் பார்த்த ஒருவர் அந்த ஓர் இடத்துக்காகவே படத்தை வெறுத்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

பார்க்கும் இடமும் பார்க்கும் விதமும்கூடக் கருத்தை மாற்றுகின்றன. 1980களின் ஹாங்காங்கில் புதுப்படங்களை நள்ளிரவுக் காட்சியில் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அரங்கமே கூச்சலிடும்; அதைக் கேட்டுத் தயாரிப்பாளர்கள் மறுபடி வெட்டி ஒட்டுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்காக அளவெடுத்துச் செய்த படங்களை ஒருவர் தனியாக, கைபேசியில், இடையிடையே நிறுத்திப் பார்த்தால் சிரிப்புக்கான இடைவெளிகள் எல்லாம் வெற்று மௌனமாகத்தான் தெரியும். டப்பிங்கும் பெரிய குற்றவாளி. அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலி இல்லாமல் எடுக்கப்பட்டு, பிறகுதான் குரல் சேர்க்கப்பட்டன. ஹாங்காங்கின் பேச்சு மொழியான கான்டனீஸில் வேகமாகத் தெறிக்கும் வாய்ச் சண்டை, அலட்சியமான ஆங்கில டப்பிங்கில் உயிரற்றுப் போகிறது. அதைக் கேட்டுப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. படத்தோடு சேர்ந்து சிரிக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வகை ஏமாற்றம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. திரையரங்கில் தோற்ற கார்பென்டரின் படம் வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் மெல்ல மெல்ல ஆதரவு சேர்த்தது. 'மார்டல் காம்பட்' வீடியோ விளையாட்டின் இடித் தெய்வம் ராய்டனின் அகன்ற ஓலைத் தொப்பியைப் பார்த்தவர்கள் இந்தப் படத்தின் மின்னல் வீரனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இப்படிப் புகழ் ஏறிய பிறகு, இது ஒரு காவியம் என்று கேள்விப்பட்டு வருகிறவர் பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறார். வருவதோ ரப்பர் பூதமும், லோ பான் இறந்த ஆத்திரத்தில் பலூன் போல ஊதி வெடிக்கும் இடி வீரனும். 1986இல் வீரனை எதிர்பார்த்து ஏமாந்தார்கள்; இன்று காவியத்தை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த ஊதி வெடிக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். கோபத்தை அடக்கத் தெரியாத ஒருவனுக்கு அதைவிடப் பொருத்தமான முடிவை யார் யோசிக்க முடியும்? அதை அபத்தம் என்று ஒருவர் சொன்னால், ஆமாம், அபத்தம்தான். அந்த அபத்தத்தை ரப்பரையும் காற்றையும் வைத்துக் கையால் செய்து முடித்தவர்களின் உழைப்பு எனக்குக் கண்ணில் படுகிறது, அவருக்குப் படவில்லை. இந்த ஓரிடத்தில் மட்டும் இது ரசனை வேறுபாடு என்று விட்டுவிடலாம்.

விமர்சனங்களைப் படிக்கும்போது எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கையாளும் வழி எளிது: விமர்சனத்தில் வாங் சியின் பெயர் வருகிறதா என்று தேடுவேன். ஜேக் எதற்கும் உதவாதவன் என்பதை எழுத்தாளரின் தவறாகக் குறிப்பிட்டுவிட்டு, வாங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதவர் படத்தின் பாதியைத் தவறவிட்டிருக்கிறார். வாங்கைக் கவனித்து, அதன் பிறகும் பிடிக்கவில்லை என்று எழுதியவரின் விமர்சனம் படிக்கத் தகுந்தது. பெரும்பாலும் நடுப்பகுதியின் தளர்வையோ மியாவ் யின்னையோ பற்றித்தான் அவர் எழுதியிருப்பார். அதேபோல் எல்லாமே அருமை என்று எழுதுகிறவர் சண்டைக் காட்சிகளைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சந்துச் சண்டையையும் வாள் சண்டையையும் ஒரே தராசில் வைத்தவர் குங்ஃபூ படங்கள் அதிகம் பார்த்தவராக இருக்க முடியாது.

உங்கள் நண்பரை மறுபடி இதே படத்தைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முதலில் 'மிஸ்டர் வேம்பயர்' படத்தைக் கான்டனீஸ் ஒலியோடும் சப்டைட்டிலோடும், முடிந்தால் நாலைந்து பேராகச் சேர்ந்து பாருங்கள். பசையரிசிக் காட்சியில் அவர் சிரித்தால் இந்த வகை அவருக்கு ஒத்துவரும். அதன் பிறகு கார்பென்டரின் படத்துக்குத் திரும்பலாம். அப்போது வழக்கறிஞர் அறைக் காட்சியைத் தாண்டிவிட்டு, லாரி ஊருக்குள் வரும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வாங்கைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பசையரிசிக்கும் அவர் முகம் மலரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்; அவருக்கு ஜாக்கி சானின் 1978ஆம் ஆண்டுப் படங்கள் இருக்கின்றன, அவற்றில் பேயே கிடையாது.